கத்தரி வெட்டிய வரிகள்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பேர். தங்களுக்குள் மட்டும் புழங்கும் ரகசியம் அது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாள், ஏனென்றால் அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்தவர் இருபது வரியில் எழுதிய கணினி நிரலை நாலே வரியாக்கி, "இவ்வளவுதானே விஷயம்? இதுக்கா ரெண்டு நாள்?" என்று கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு வரும். சாப்பாட்டில்கூட அவள் அந்தச் சுகத்தைக் கண்டதில்லை.

அவளுடைய அப்பா ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். வேலையை அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதர். சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளைகள் பேசுவதிலும் சிவப்பு மையைத் தேடுவார். பள்ளிக்கூடத்தில் நடந்ததை யாராவது ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால், "சுருக்கிச் சொல்லு" என்பார். சுருக்கிச் சொன்னால், "இதுல கடைசி ரெண்டு வார்த்தை வேண்டாத வார்த்தை" என்பார். மற்றப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு வளர்ந்தார்கள். நடுவில் பிறந்த இவள் மட்டும் அந்த விளையாட்டில் அப்பாவையே ஜெயிக்கக் கற்றுக்கொண்டாள். அவர் வாயிலிருந்து "ம்" என்று ஒன்று வாங்கிவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பண்டிகை.

அவள் வேலை பார்த்த கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. ரப்பர் வாடை படியேறி வந்து எல்லோருடைய சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். நீளமான மேஜை ஒன்று, அதைச் சுற்றி நாற்காலிகள், சுவரில் ஒரு பெரிய திரை, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பழைய பெயின்ட் வாளி. மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்பது தொழில். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை, அவரவர் எழுதியதைப் பெரிய திரையில் போட்டு எல்லோர் முன்னாலும் கத்தரி பார்வையிடுவாள். அந்தக் கூட்டத்துக்கு மற்றவர்கள் வைத்த பேர் முடிவெட்டு. காலையில் படியேறும்போதே, "இன்னைக்கு யாருக்கு மொட்டை?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள்.

பெரியவர் வந்து சேர்ந்ததிலிருந்து மொட்டை பெரும்பாலும் அவருக்குத்தான். ஏற்கெனவே வழுக்கை வேறு; கேலிக்குக் கேட்கவா வேண்டும்.

பெரியவர் என்றால் கிழவர் இல்லை. ஐம்பதைத் தொடாதவர். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். தெருவை அகலப்படுத்த வந்தவர்கள் கடை இருந்த கட்டடத்தையே வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மகளுடைய பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு மாலை வகுப்பில் உட்கார்ந்து பைத்தான் படித்தார். கத்தரியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவளை "மேடம்" என்பார். ஒரே சந்தேகத்தை மூன்று தடவை கேட்பார். தட்டச்சு செய்யும்போது மூக்கால் ஏதோ முனகுவார், ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல். அந்த முனகல் காதில் விழுந்தாலே கத்தரிக்கு உடம்பெல்லாம் எரியும். முதல் நாளே அவரை ஏ.சி. சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பெரியவரே, இது ஜெராக்ஸ் மெஷின் இல்ல. பச்சை பட்டனை அமுக்கிட்டு வேடிக்கை பாக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்ததுதான் அவர் செய்த தப்பு. அதற்குப் பிறகு அவரைச் சிரிக்க வைப்பது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் வேலை வந்தது. இல்லத்தில் இருப்பவர்களின் விவரத்தை நர்ஸுகள் ஒரு பக்கத்தில் நிரப்பி அனுப்பினால், சமையலறையில் உள்ள திரையில் ஆளுக்கொரு சாப்பாட்டுச் சீட்டு வர வேண்டும். யார், எந்த அறை என்பதைக் கட்டாயம் நிரப்பியாக வேண்டும். என்ன வகைச் சாப்பாடு, உப்பு எவ்வளவு என்பதெல்லாம் விருப்பம். நிரப்பினாலும் சரி, விட்டாலும் சரி. சீட்டுப் போடும் ஃபங்ஷனை, அதாவது அந்த ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, கத்தரிதான் எழுதி வைத்திருந்தாள். சாப்பாட்டு வகையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், "அரைத்தது" என்று அது தானாகவே போட்டுக்கொள்ளும். அந்த இல்லத்தில் பாதிப் பேருக்கு மென்று விழுங்க முடியாது. கெட்டியான சாப்பாடு யாருக்காவது வேண்டுமென்றால் டாக்டர் சொல்லித்தான் குறிக்க வேண்டும். சொல்லாதவர்களுக்கெல்லாம் அரைத்த சாப்பாடு. நல்ல ஏற்பாடு அது.

நர்ஸுகள் நிரப்பும் பக்கத்திலிருந்து அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு விவரம் கொடுக்கும் பகுதியைப் பெரியவரிடம் கொடுத்தாள்.

அவர் பாடப் புத்தகத்தில் இருந்தபடி எழுதிக்கொண்டு வந்தார். ஒரு காலி டிக்‌ஷனரி. விவரங்களைப் பேர் ஒட்டிப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி அது. சாப்பாட்டு வகை வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதில் போடு. உப்பு வந்திருக்கிறதா? வந்திருந்தால் போடு. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, வந்ததை மட்டும் சேர்த்து ஃபங்ஷனிடம் கொடுத்தார். வராததைப் பற்றி மூச்சு விடவில்லை. திரை முழுக்க இஃப், இஃப், இஃப் என்று படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போனது.

கத்தரி நாற்காலியைப் பின்னால் சாய்த்தாள். "என்ன இது?"

"ஃபார்ம்ல எல்லாத்தையும் நிரப்பணும்னு இல்லீங்களே மேடம். நிரப்பினதை மட்டும் அனுப்பறேன். மத்ததை ஃபங்ஷனே பாத்துக்கும்."

"அதுக்கு இத்தனை இஃபா? கல்யாண வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவங்க ஒவ்வொருத்தரையும் 'மொய் கொண்டு வந்தியா, மொய் கொண்டு வந்தியா'ன்னு கேக்கற மாதிரி இருக்கு."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த பெண், எல்லோரும் டெஸ்டர் என்று கூப்பிடுகிறவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"எல்லாத்தையும் ஒரே வரியில அனுப்புங்க" என்றாள் கத்தரி. "இருக்கறது இருக்கட்டும், இல்லாதது 'நன்'னு போகட்டும்."

நன் என்றால் பைத்தானில் ஒன்றுமில்லை என்று பொருள்.

"நன் போனா, ஃபங்ஷன் அதையே எடுத்துக்கும் மேடம்" என்றார் பெரியவர். "நாம எதுவுமே அனுப்பாம இருந்தாத்தான் 'அரைத்தது'ன்னு தானா—"

அந்த ஒரு கணத்தில் அவர் சொல்வது சரி என்று கத்தரிக்குப் பட்டது. பட்டதை அவள் பிறகு ஒருநாளும் மறுக்கவில்லை, தனக்குள்ளேயாவது. ஒன்றும் சொல்லாமல் இருப்பது வேறு, ஒன்றுமில்லை என்று சொல்வது வேறு. முதல் வருஷப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம். நன் வந்தால் அதையும் பார்த்துக்கொள்ளும்படி ஃபங்ஷனுக்கு உள்ளே எழுதியிருக்கிறோமா இல்லையா என்று யோசித்தாள். எழுதியிருப்போம் என்று தோன்றியது. பிறகு திறந்து பார்த்துக்கொள்ளலாம். இப்போது மேஜையைச் சுற்றி இத்தனை கண்கள். அதுவும் யார், இந்த முனகல்காரர்.

"எனக்கே பாடமா? அந்த ஃபங்ஷனை எழுதினவளே நான்தான். எடுங்க."

"இல்ல மேடம், ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு..."

"இப்பவே எடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் எடுத்தார். பெரிய திரையில், எல்லோர் கண் முன்னாலும், ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே மேலே போனார். யாரோ மெதுவாக, "மொட்டை" என்றார்கள். கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிறகு திறந்து பார்க்கலாம் என்று நினைத்ததை அவள் பார்க்கவில்லை. வேறு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், பேசினார்கள், மறந்துவிட்டாள். டெஸ்டர் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி நிரப்பி அனுப்பிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக வந்தது. எதையாவது காலியாக விட்டுப் பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பக்கம் இல்லத்துக்குப் போனது.

அந்த இல்லத்தில் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஒரு பக்கம் வாதத்தில் விழுந்துவிட்டது. நாக்கும் தொண்டையும் சொன்னபடி கேட்காது. ஜன்னல் பக்கத்து அறை வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டி நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஒரு அறை காலியானதும் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் பக்கத்தைத் திறந்தாள், அறை எண்ணை மட்டும் மாற்றினாள், அனுப்பினாள். காலியாக இருந்த மற்றக் கட்டங்களைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை.

சமையலறைத் திரையில் புதிய சீட்டு வந்தது. பேர் இருந்தது, அறை இருந்தது. சாப்பாட்டு வகை என்ற இடத்தில் வெற்றிடம். விடுப்பில் போன சமையல்காரருக்குப் பதிலாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை போலிருக்கிறது என்று ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்து அனுப்பினார்.

எஞ்சின் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். வெகு நாள் கழித்துக் கண்ணில் பட்ட முட்டை. ஆசையாகத்தான் எடுத்திருப்பார். சத்தம் போட அவருக்குத் தொண்டை இல்லை. தட்டை எடுக்க வந்த பெண்தான் பார்த்தாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தபோது கத்தரி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்ட மாத்திரத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கணினியைத் திறந்து தன் ஃபங்ஷனைப் பார்த்தாள். நன் வந்தால் பார்த்துக்கொள்ள அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுந்து முதலாளியின் அறைக்குப் போவதற்குள், அந்தக் கொஞ்சத் தூரத்திலேயே, என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்ய முடிந்ததுதான் பிற்பாடு அவளையே பயமுறுத்தியது.

முதலாளியின் கண்ணாடி அறை சின்னது. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யார் எழுதினது?" என்றார் முதலாளி.

"நான்தாங்க எழுதினேன்" என்றார் பெரியவர். "முதல்ல சரியாத்தான் எழுதியிருந்தேன். மேடம் எடுக்கச் சொன்னாங்க. எல்லாரும் இருந்தாங்களே."

முதலாளி கத்தரியைப் பார்த்தார்.

"சுருக்கி எழுதுங்கன்னு சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் சொல்றதுதான்" என்றாள் கத்தரி. "சுருக்கும்போது என்ன போகுது, என்ன போகலைன்னு பாக்க வேண்டியது எழுதறவங்க பொறுப்பு. அதுகூடத் தெரியாம ஒருத்தர் இந்த வேலைக்கு வரலாமா?"

பெரியவர் மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவன் தரையைப் பார்த்தான். ஒருவன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தான். டெஸ்டர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; காலியாக விட்டுப் பார்க்காதது தானல்லவா, வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி தன் மேல்தானே விழும்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார் பெரியவர் அவளிடம்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்" என்றாள் அவள். அவரை அதுவரை யாரும் அங்கே சார் என்று கூப்பிட்டதில்லை.

வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவானது. ஆனால் முதலாளி கெட்டிக்காரர். "போறதுக்கு முன்னால அதைச் சரி பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க. இல்லத்துக்காரங்க உயிரை எடுக்கறாங்க" என்றார்.

ஆகவே பெரியவர் திரும்பிப் போய் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கத்தரி அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டு, காலி டிக்‌ஷனரியை வைத்து, இஃப்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். முன்பு எழுதியிருந்த அதே வரிகள். முனகல் இல்லை. எழுதி முடித்ததும், பழக்க தோஷம், கழுத்தைத் திருப்பி, "சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும்; உதடு ஒருமாதிரி கோணிக்கொண்டது.

"ம்" என்றாள் கத்தரி.

அவர் சாப்பாட்டு டப்பாவையும் நாற்காலியில் போட்டிருந்த திண்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். டயர் கடைக்காரர் கீழே நின்று, "என்ன சார், சீக்கிரமே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டது மேலே வரைக்கும் கேட்டது.

ஒரு வாரம் கழித்து எஞ்சின் டிரைவரின் மகள் வந்தாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவள். காக்கிச் சட்டையோடே வந்திருந்தாள். கூச்சல் போடவில்லை, வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாராவது விஷயத்தைச் சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்றாள். "நீங்கதான் நல்லாப் பேசுவீங்க" என்று முதலாளி கத்தரியை அனுப்பிவைத்தார்.

"தொழில்நுட்பக் கோளாறுன்னாங்க" என்றாள் வேன்காரி. "அப்படின்னா என்னம்மா? எனக்குப் படிப்பு கம்மி. புரியற மாதிரி சொல்லுங்க."

கத்தரி சொன்னாள். "டீக்கடையில போய் 'ஒரு டீ'ன்னு மட்டும் சொன்னா, வழக்கமா போடற சர்க்கரையைப் போட்டுக் குடுப்பாங்க. 'சர்க்கரை இல்லாம'ன்னு சொன்னா போட மாட்டாங்க. சர்க்கரையைப் பத்திப் பேசாம இருக்கறது வேற, இல்லைன்னு சொல்றது வேற. உங்கப்பா விஷயத்துல நாங்க செஞ்ச கம்ப்யூட்டர் பக்கம் பேசாம இருந்திருக்கணும். இருந்திருந்தா வழக்கப்படி அரைச்ச சாப்பாடு போயிருக்கும். ஆனா அது 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிடுச்சு."

சொல்லி முடித்தபோது, எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு திருப்தி அவளுக்குள் எட்டிப் பார்த்தது. அந்த நேரத்திலும்.

வேன்காரி அதைத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். "பேசாம இருந்திருந்தா எங்கப்பா பொழச்சிருப்பாரு."

"ஆமா."

"யாரு பேசினது?"

கத்தரி பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். கம்பெனியின் பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் எழுந்திருப்பதாக இல்லை. எதிரில் உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி பெரியவரின் பேரைச் சொன்னாள். வேலையை விட்டு அனுப்பிவிட்டோம் என்றாள். போதாதென்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தெருவில்தான் அவர் வீடு என்பதையும் சொன்னாள். அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளி வேன் தண்ணீர்த் தொட்டித் தெரு வழியாகப் போக ஆரம்பித்தது. பெரியவர் வீட்டு வாசலில் நிற்கும். வேன்காரி ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டாள். பிறகு தலையை வெளியே நீட்டி, "கொன்னுட்டியே! எங்கப்பாவைக் கொன்னுட்டியே!" என்று கத்துவாள். வேனுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் வாயைத் திறக்கும் முன்பே அதுகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைதட்டி, "கொன்னுட்டியே! கொன்னுட்டியே!" என்று பாட்டாகவே பாடும். பாடிவிட்டுச் சிரிக்கும். தெருவே வேடிக்கை பார்க்கும்.

ஒருநாள் பெரியவர் வெளியே வந்து கையைக் கூப்பினார். "நான் சரியாத்தான் எழுதினேம்மா. மேல இருக்கறவங்க எடுக்கச் சொன்னாங்க" என்றார்.

"உங்க ஆபீஸ்ல போய்க் கேட்டேன், உன்னைக் காட்டுறாங்க. உன்னைக் கேட்டா நீ அவங்களைக் காட்டறே. எல்லாரும் கையைக் காட்டிக்கிட்டே இருங்க, எங்கப்பா எந்திரிச்சு வந்துடுவாரு" என்றாள் வேன்காரி. பிள்ளைகள் பாடின.

அவர் மனைவி முன்கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். மகள் சித்தி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம், பழைய கம்பெனியில் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள், விசாரித்தார்கள், அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

இதையெல்லாம் கத்தரியிடம் வந்து சொன்னவள் டெஸ்டர். அவள் வீடு பெரியவர் தெருவுக்கு அடுத்த தெரு. கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொன்னாள்.

"அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே" என்றாள் கத்தரி.

"நீங்க சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன் மேடம்."

இருவரும் கையை வெகு நேரம் கழுவினார்கள்.

கத்தரியின் கணவர் நீச்சல் கற்றுக்கொடுப்பவர். குளத்தில் ஊருக்கே கேட்கிற குரல். வீட்டில் இருக்கிற இடம் தெரியாது. அன்று மாலை அவள் நேரே குளத்துக்குப் போனாள். கடைசி வகுப்புப் பிள்ளைகள் தண்ணீரில் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தார்கள். படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்காமல் சொன்னாள்.

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றே?"

"வேற யாருகிட்டங்க போய்ச் சொல்லுவேன்?"

"யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட."

"சொன்னா என் வேலை போயிடும்."

"அவருக்குப் போகலையா?" என்றவர், ஆழமான பக்கத்துக்குப் போன ஒரு பிள்ளையைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாப்பிட்டியா?", "குடை எடுத்துக்கோ" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினார். மகள் ஏற்கெனவே தன் கட்டுரைகளை அம்மாவிடம் காட்டாமல் அப்பாவிடம்தான் காட்டுவாள். இப்போது அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒன்பதாவது படிக்கிற பெண், "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கத்தரி வந்த வழியே திரும்பிப் போய்விடுவாள்.

கடைசியில் ஒருநாள் முதலாளியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கையில் ராஜினாமாகூட எழுதி வைத்திருந்தாள். "அந்த இல்லத்து விஷயம். அவர் சரியாத்தான் எழுதியிருந்தார். நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

முதலாளி தலையைக்கூடத் தூக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். அவர் பொய் சொல்ற மூஞ்சியா? யாரை அனுப்பினா கம்பெனி நிக்கும்னு பாத்தேன். நிக்குது. உக்காருங்க, இன்னும் ரெண்டு மருத்துவமனை வேலை வருது. மேல ஒரு மாடி எடுக்கப் போறோம். அது பூராவும் உங்க பொறுப்பு." ராஜினாமாவை வாங்கி, படிக்காமல், காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததை நினைத்து நினைத்துப் பிறகு கூசினாள். ஆனால் அன்று உட்கார்ந்துதான் இருந்தாள்.

வேன்காரியிடம் போக அவளுக்கு அதற்கு மேலும் சில மாதம் ஆனது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மைதானத்தில், மணி அடிப்பதை எதிர்பார்த்து வேன்கள் வரிசையாக நிற்குமிடத்தில் அவளைப் பிடித்தாள். வேன்காரி ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கத்தரியை அடையாளம் தெரியவில்லை. டீக்கடை உதாரணம் சொன்னதை நினைவுபடுத்திய பிறகு, "ஓ, அந்தம்மாவா" என்றாள்.

கத்தரி சொன்னாள். அடி விழும் என்று எதிர்பார்த்தே போயிருந்தாள். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது. முகத்தில் துப்புவாள், ஹாரனை அமுக்கி ஊரைக் கூட்டுவாள், நாளையிலிருந்து வேன் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நிற்கட்டும்.

வேன்காரி துணியைப் பிழிந்தாள். "அவரு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போய்ட்டாரு, தெரியுமா? எங்க போனார்னு தெருவுல யாருக்கும் தெரியல. நானும் போய்ப் பாத்தேன். பூட்டிக் கெடக்கு."

"நான் வேணும்னா அவரைத் தேடிக் கண்டுபிடிச்சு..."

"கண்டுபிடிச்சு?"

வேன்காரி துணியை உதறிக் கண்ணாடியின் மேல் விரித்துப் போட்டாள்.

"அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டாரும்மா. இத்தனூண்டு பிள்ளைங்களை விட்டுப் பாட வெச்சேன்." வேன்காரியின் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை, வெந்நீர் ஆறிப்போனதுபோல ஒரு குரல். "எனக்கு இருந்ததையெல்லாம் அவரு மேல கொட்டித் தீத்துட்டேன். உங்களுக்குன்னு இப்ப எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. எதை எதிர்பாத்து வந்தீங்களோ, அது இங்க கெடைக்காது. போங்க."

"என்னை ரெண்டு வார்த்தை திட்டவாவது..."

"உங்க மனசு ஆறறதுக்கு நான் திட்டணுமா?"

மணி அடித்தது. வாசல் திறந்து பிள்ளைகள் வெள்ளமாக வந்தன. பைகள் கத்தரியின் இடுப்பில் இடித்துக்கொண்டு போயின. நகரத் தோன்றாமல் வேன் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இவங்க யாரு?" என்று வேன்காரியைக் கேட்டது.

"யாரும் இல்ல. ஏறு" என்றாள் வேன்காரி. கத்தரியின் தோளைத் தொட்டு, முரட்டுத்தனம் இல்லாமல், ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல ஓரமாக நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மேல் மாடியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். கத்தரி மைதானத்தைக் கடந்து, வெயிலில், பஸ் நிற்குமிடத்தை நோக்கி நடந்தாள்.